யூனிவர்சிட்டி ஃபேமிலி அபார்ட்மென்ட்: கம்ப்ளெயின்ட் லெட்டர் வந்திருக்கு, பிரசவத்துக்கு மாமியார் வேற வர்றாங்க, என்ன செய்யலாம்?

கரிசல்காடு:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கால மிட்வெஸ்ட் பக்கம் ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில பிஎச்டி பண்றேன், ஆகஸ்ட்ல தான் குடும்பத்தை கூட்டிட்டு வந்து ஃபேமிலி அபார்ட்மென்ட்ல குடியேறினோம். ரெண்டு பெட்ரூம், மாடி வீடு, கீழ வேற ஒரு குடும்பம் இருக்காங்க. பையனுக்கு மூணு வயசு, வீட்ல இப்ப ஏழு மாசம். நேத்து சாயங்காலம் லேப்ல இருந்து வந்து பாத்தா கதவுல ஹவுசிங் ஆபீஸ் லெட்டர் ஒட்டியிருக்கு. ராத்திரில சத்தம்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்காம், வாசல்ல செருப்பும் ஸ்ட்ரோலரும் வைக்கக் கூடாதாம், அப்புறம் ஸ்மோக் அலாரம் அடிக்கடி அடிக்குதுன்னு அதையும் சேத்து எழுதியிருக்காங்க. அடுத்த தடவை வந்தா லீஸ் வயலேஷன்னு ஃபைல்ல ஏத்துவோம்னு கடைசி வரி. வீட்ல அவங்க படிச்சுட்டு அழுதுட்டாங்க, பையன் ஓடுனாலே பயப்படறாங்க.

இதுல டிசம்பர் மொதல் வாரம் மாமியார் வர்றாங்க, பிரசவம் பாத்து குழந்தைய கொஞ்சம் வளத்துக் குடுத்துட்டு போக ஆறு மாசம் இருப்பாங்க. லீஸ்ல கெஸ்ட் 14 நாளுக்கு மேல தங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. டிக்கெட் போட்டாச்சு. இந்த மாதிரி இடத்துல இருந்தவங்க யாராவது சொல்லுங்க.

டெல்டாக்காரன்:
ப்ரோ டென்ஷன் ஆகாதீங்க. கெஸ்ட் விஷயத்தை ஆபீஸ்ல சொல்லவே சொல்லாதீங்க, கேட்டாத்தான் பிரச்சனை. எங்க காம்ப்ளெக்ஸ்ல பாதி வீட்ல அப்பா அம்மா தான் இருப்பாங்க, சம்மர்ல போய் பாருங்க ப்ளேகிரவுண்ட்ல பூரா நம்ம ஊரு தாத்தா பாட்டிங்க தான், ஒருத்தனும் வந்து எண்ண மாட்டான். அஞ்சு பேர் ரெண்டு பெட்ரூம்ல இருக்கீங்கன்னு நீங்களே போய் சொன்னா காலி பண்ணச் சொல்லிருவாங்க.

மேடிசன்_அக்கா:
தம்பி டெல்டா, கோவிச்சுக்காதீங்க, இதுல நான் உங்களோட ஒத்துப்போக முடியாது. கரிசல் தம்பி, தயவுசெஞ்சு மறைக்காதீங்க.

நான் மேடிசன்ல ஈகிள் ஹைட்ஸ்ங்கற விஸ்கான்சின் யூனிவர்சிட்டி ஃபேமிலி குடியிருப்பு பக்கம் பல வருஷமா குடும்பங்களோட பழகுறவ. மறைச்சு வச்ச வீடுகள்ல என்ன நடக்குதுன்னு பாத்துட்டு சொல்றேன். மெயின்டனன்ஸ் ஆள் முன்கூட்டி நோட்டீஸ் குடுத்துட்டு உள்ள வருவான், ஹீட்டர் பாக்க, அலாரம் டெஸ்ட் பண்ண, பூச்சி மருந்து அடிக்க. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவ பெட்டியோட லைப்ரரிக்கு அனுப்புறதும், ஆபீஸ் கார் வந்தா உள்ள போம்மான்னு சொல்றதும்... மகளுக்கு பிரசவம் பாக்க வந்த மனுஷி குத்தவாளி மாதிரி ஒளிஞ்சுகிட்டு இருக்கணுமா? யாருக்கும் அது வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். விசா வேற, ஹவுசிங் வேற. பி-2ன்னு சொல்ற விசிட்டர் விசாவுல வர்றவங்களுக்கு ஏர்போர்ட்ல பொதுவா ஆறு மாசம் தங்க அனுமதி குடுப்பாங்க, அந்த தேதி ஐ-94ங்கற வருகைப் பதிவுல இருக்கும். அதை வச்சு ஆபீஸ்ல போய் எனக்கு ஆறு மாசம் இருக்கேன்னு சொல்ல முடியாது, ஆபீஸோட கணக்கு தனி. ஆனா நான் பாத்த அளவுல ஃபேமிலி ஹவுசிங் நடத்துற பல இடத்துல நீண்ட நாள் விருந்தாளிக்குன்னு தனியா ஒரு ஃபாரம் வச்சிருக்காங்க, அதுலயும் பிரசவத்துக்கு அம்மா வர்றது அவங்களுக்கு புதுசே இல்ல, சீனா, கொரியா, இந்தியா எல்லா நாட்டுக் குடும்பத்துலயும் இதே தான். லீஸ்ல இருக்கிற 14 நாள்ங்கறது அனுமதி கேக்காம தங்குறதுக்கான எல்லையா இருக்கலாம், அந்த வரிக்கு பக்கத்துல “எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல்”னு ஏதாவது இருக்கான்னு பாருங்க.

மெயில்ல தான் கேளுங்க, போன்ல கேக்காதீங்க. வர்ற தேதி, போற தேதி, உறவு, பிரசவத் தேதி, டிக்கெட் காப்பி. டாக்டர் லெட்டர் கேட்டா குடுங்க. “சரி”ன்னு அவங்க எழுதின பதிலை பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா ஆபீஸ்ல ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க.

கொங்குத்தமிழ்:
அக்கா சொன்னதுக்கு மேல கொஞ்சம். அஞ்சு பேர்னு டெல்டா சொன்னாருல்லங்க, அது எங்க இருந்து வந்த கணக்குன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. அமெரிக்காவுல ஃபேர் ஹவுசிங் ஆக்ட் 1968ல வந்தது, அதுல 1988ல திருத்தம் போட்டு குழந்தைங்க இருக்கிற குடும்பம்ங்கற காரணத்துக்காக வீடு மறுக்கக் கூடாதுன்னு சேத்தாங்க. ஆனா ஒரு வீட்ல எத்தனை பேர்னு வரம்பு வைக்கலாம். எத்தனைன்னு கேள்வி வந்தப்ப மத்திய அரசோட ஹவுசிங் துறை, ஹட்னு சொல்லுவாங்க, அதோட வக்கீல் 1991ல ஒரு மெமோ எழுதினாரு, பொதுவா ஒரு பெட்ரூமுக்கு ரெண்டு பேர்னா அது நியாயமான வரம்புன்னு. 1998ல துறையே அதை கொள்கையா எடுத்துக்கிச்சு. அது ஒரு வழிகாட்டுதல் தானுங்க, ரூமோட அளவு, குழந்தைங்க வயசு எல்லாம் பாக்கணும்னும் அதுலயே இருக்கு, ஊர்ல லோக்கல் ரூல் வேற இருக்கும்.

நீங்க ரெண்டு பேர், பையன், பொறக்கப் போற குழந்தை, நாலு ஆச்சு. ரெண்டு பெட்ரூமுக்கு அது சரியா பொருந்துது. மாமியார லீஸ்ல குடியிருப்பவரா சேக்கச் சொல்லி கேட்டீங்கன்னா தான் அஞ்சாவது ஆளாயிரும், அப்ப மறுக்க அவங்களுக்கு காரணம் கிடைக்கும். விருந்தாளியா, போற தேதியோட கேளுங்க. ரெண்டும் வேற வேற ஃபாரம், இதைக் குழப்பிக்கிட்டு போய் “முடியாது”ன்னு வாங்கிட்டு வந்தவங்க இருக்காங்க.

குழந்தை பொறந்ததும் அதையும் லீஸ்ல சேக்க மறந்துறாதீங்க.

டெல்டாக்காரன்:
நான் பாத்தத சொன்னேன் அவ்ளோதான். ஆபீஸ் ஒத்துக்கலைன்னா என்ன பண்ணுவாரு, டிக்கெட்ட கேன்சல் பண்ணுவாரா?

மேடிசன்_அக்கா:
நியாயமான கேள்வி தம்பி. அதுக்குத்தான் இப்பவே, அக்டோபர்லயே கேக்கச் சொல்றேன். மொதல்ல சின்ன அளவா குடுத்தா வாங்கிக்கிட்டு நீட்டிப்பு கேக்கலாம். மறுத்தா ஹவுசிங் டைரக்டர் இருக்காரு, யூனிவர்சிட்டில இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸ் இருக்கு, ஸ்டூடன்ட்ஸ் டீன் ஆபீஸ் இருக்கு, ஸ்டூடன்ட்ஸுக்கு இலவசமா சட்ட ஆலோசனை குடுக்கிற ஆபீஸ் பல யூனிவர்சிட்டில இருக்கு. இதுல ஹவுசிங் டைரக்டர்கிட்ட போறது கேம்பஸ் வீட்ல இருக்கிறவனுக்கு கிடைக்கிற வசதி, வெளிய தனியார் அபார்ட்மென்ட்ல மேனேஜர் ஒருத்தர் தான். அம்மா வந்து எறங்கின பிறகு கேட்டா தான் கை கட்டிப்போகும்.

யாழ்தேவி:
வணக்கம், நான் டொராண்டோவில சார்ல்ஸ் ஸ்ட்ரீட்டில இருக்கிற யூனிவர்சிட்டி குடும்பக் குடியிருப்பில இருந்தனான், உயரமான மாடிக் கட்டடம், ஒரு கொரிடோரில எத்தனையோ நாட்டுச் சனம். கெஸ்ட் பிரச்சினை பற்றி மற்றவை சொல்லிப்போட்டினம், நான் சத்தத்தைப் பற்றிச் சொல்லுறன்.

கீழ் வீட்டுக்காரரை ஒருக்காப் போய் நேரில பாருங்கோ. லெட்டர் வந்த கோவத்தில போக வேண்டாம், ரெண்டு மூண்டு நாள் கழிச்சு, பின்னேரம், பிள்ளையையும் கையில பிடிச்சுக்கொண்டு போங்கோ. “எங்கட வீட்டுச் சத்தம் உங்களுக்கு எந்த நேரத்தில கூடக் கேக்குது?” எண்டு மட்டும் கேளுங்கோ. நீங்கள் நினைக்கிற சத்தம் வேற, அவைக்குக் கேக்கிற சத்தம் வேற. எங்களுக்கு மேல இருந்த குடும்பத்துப் பிள்ளை ஓடுறது எங்களுக்குப் பெரிசாத் தெரியேல்ல, ஆனா தாய் ஒவ்வொரு நாளும் விடியப்புறம் சாப்பாட்டுக் கதிரையை இழுக்கிற சத்தம் சரியா எங்கட கட்டிலுக்கு மேல. போய்ச் சொன்னோம், அடுத்த நாளே கதிரைக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டிப்போட்டா. அதோட முடிஞ்சுது, பிறகு அவவும் என்ர மனுசியும் நல்ல சிநேகிதம்.

ஆபீசுக்கு நேர முறைப்பாடு குடுக்கிற சனம் எல்லாரும் கெட்ட சனம் இல்லை. சில பேருக்கு ஆங்கிலத்தில முகம் பாத்துக் கதைக்கப் பயம், சில பேருக்குப் பரீட்சை, சில பேருக்குக் கைக்குழந்தை.

வைகைக்கரை:
யாழ்தேவி சொன்னது நூத்துக்கு நூறு. கூடவே வீட்டுக்குள்ள செய்ய வேண்டியது: பையன் வெளையாடுற இடத்துல மொத்தமா ரக், அதுக்கு அடியில பேட் போடுங்க, பேட் இல்லாம ரக் மட்டும் போட்டா பிரயோஜனம் கம்மி. பசங்களுக்கு விக்கிற ஃபோம் மேட், ஒண்ணோட ஒண்ணு மாட்டுறது, அதையும் போடலாம். இந்தக் கட்டடங்கள்ல பல எடத்துல மரச்சட்டம் தான், குதிகால் வச்சு நடந்தாலே கீழ டங்கு டங்குன்னு கேக்கும். மிக்ஸி, கிரைண்டர சுவத்துல ஒட்டுன கவுன்ட்டர்ல வைக்காம, அதுக்கு அடியில தடிமனா துண்டு மடிச்சுப் போட்டு வைங்க. சத்தம் போடாத நேரம்னு ராத்திரி 10ல இருந்து காலைல 7 இல்ல 8 வரைக்கும் பெரும்பாலும் இருக்கும், உங்க லீஸ்ல எப்பன்னு பாத்துக்கோங்க, சில எடத்துல பரீட்சை வாரத்துல அதை இன்னும் கூட்டிருவாங்க.

செருப்பு விஷயத்துல மட்டும் ஆபீஸோட சண்டை போடாதீங்க. அது ஃபயர் கோட், தீ பாதுகாப்பு விதி. ராத்திரி கரன்ட் போயி புகை நெறஞ்ச காரிடார்ல குழந்தைய தூக்கிட்டு ஓடி வர்ற ஒருத்தர் கால்ல ஸ்ட்ரோலர் மாட்டுனா என்ன ஆகும்னு பாத்து தான் வெளியேறுற வழில எதுவுமே இருக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள கதவ ஒட்டி ஒரு ரப்பர் ட்ரே போட்டு அதுல செருப்பு விடுங்க, நம்ம வழக்கமும் நிக்கும், ஸ்னோ வந்தா தண்ணியும் அதுலயே வடியும்.

கரிசல்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்மோக் அலாரம் தான் புரிய மாட்டேங்குது. மோர் மொளகா வறுத்தா, தோசை ஊத்துனா, ஏன் அப்பளம் பொரிச்சாலே அடிக்குது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கிட்டே தான் இருக்கு. பக்கத்து பில்டிங்ல ஒருத்தர் ஷவர் கேப் மாட்டி மூடிட்டு சமைங்கன்னாரு.

கொங்குத்தமிழ்:
மூடாதீங்க, பேட்டரிய கழட்டாதீங்க, இது ஒண்ணுக்கு மட்டும் எந்த ஆபீஸும் மன்னிப்பு குடுக்காதுங்க, குடுக்கவும் கூடாது, பல இடத்துல நேரா அபராதம் தான். அமெரிக்காவுல வீட்டுத் தீ விபத்துகளுக்கு மொதல் காரணமே சமையல் தான். எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாதுன்னு மாமியாருக்கும் சொல்லி வைங்க, அடுப்ப அணைச்சுட்டு சட்டிய மூடியால மூடணும், மூடி ஆறுற வரைக்கும் தொறக்கக் கூடாது. கைய மீறிப் போச்சுன்னா எல்லாரும் வெளிய, அப்புறம் 911.

ஃபேன் ஓடியும் ஏன் அடிக்குதுன்னா, பழைய அபார்ட்மென்ட்ல அடுப்புக்கு மேல இருக்கிற ஹூட் நிறைய இடத்துல புகைய வெளிய தள்றதில்லைங்க. உள்ளயே இழுத்து ஒரு ஃபில்டர் வழியா விட்டு மறுபடி உங்க மூஞ்சிக்கு நேரா உள்ளயே விடும். டெஸ்ட் பண்ண ஹூட்டுக்கு முன்னாடி மேல கைய வச்சு பாருங்க, காத்து வந்தா அதே கதை தான். அப்படின்னா தாளிக்கிறதுக்கு முன்னாடியே சமையலறை ஜன்னல தொறந்து ஒரு டேபிள் ஃபேன வெளிய பாக்க வச்சுருங்க, புகை வந்த பிறகு தொறந்து பிரயோஜனம் இல்ல. ஹூட்டுக்கு அடியில இருக்கிற அலுமினிய வலைய மாசம் ஒரு தடவை கழட்டி கொதிக்கிற தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பும் பேக்கிங் சோடாவும் போட்டு ஊற வைங்க, மஞ்சளா எண்ணெய் வடியறத பாத்தா நீங்களே அடுத்த மாசம் மறக்க மாட்டீங்க.

அலாரத்தையும் ஒரு தடவை கழட்டாம எட்டிப் பாருங்க, பக்கவாட்டுல தயாரிச்ச தேதி இருக்கும், அங்க இல்லைன்னா பின்னாடி இருக்கும், மெயின்டனன்ஸ் ஆளப் பாக்கச் சொல்லுங்க. பத்து வருஷம் தாண்டியிருந்தா மாத்தணும், ரிக்வெஸ்ட் போடுங்க. அடுப்புக்கு ரொம்ப பக்கத்துல மாட்டியிருந்தா இடம் மாத்தித் தர முடியுமான்னும் கேளுங்க, வகையும் மாத்தலாம், சமையல் புகைக்கு கொஞ்சம் கம்மியா அடிக்கிற ஃபோட்டோஎலக்ட்ரிக் வகை இருக்கு.

மேடிசன்_அக்கா:
வெளக்கு பத்தி யாரும் சொல்லல. கார்த்திகை வருது. மெழுகுவத்தி, ஊதுபத்தி, திறந்த தீ எதுவும் கூடாதுன்னு நிறைய லீஸ்ல இருக்கு. படியிலயும் பால்கனிலயும் அகல் வைக்கணும்னு ஆசையா இருக்கும், எனக்கும் தெரியும், ஆனா மரக் கைப்பிடி, காத்து, குழந்தைங்க பாவாடை, யோசிச்சுப் பாருங்க. பேட்டரி அகல் வாங்கி வாசல்ல வைங்க. இல்லைன்னா கம்யூனிட்டி சென்டர புக் பண்ணி, ஆபீஸ்ல அனுமதி வாங்கி, வெளிய சிமென்ட் தரையில எல்லாக் குடும்பமும் சேந்து ஏத்துங்க, அப்படி செஞ்ச வருஷம் ஈரான்காரங்க, பிரேசில்காரங்கல்லாம் வந்து தட்டத்துல வெளக்கு ஏத்திட்டு போனாங்க. பால்கனில கரி அடுப்பு வைக்கிறதும் அதே மாதிரி தான், தீப்பிடிக்கக் கூடிய கட்டடத்துல இருந்து 10 அடி தள்ளி தான் வைக்கணும்னு ஃபயர் கோட்லயே இருக்கு.

பனிக்காலம்:
நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். நான் எஃப்-2ல, அதாவது ஸ்டூடன்ட்டோட மனைவிங்கற விசாவுல இருக்கேன். பக்கத்து வீட்டு சீனப் பொண்ணு அவங்க குழந்தைய பகல்ல பாத்துக்க முடியுமா, காசு குடுக்கறேன்னு கேக்கறாங்க. வீட்ல சும்மா தான இருக்கேன்னு தோணுது. இதுக்கு ஹவுசிங்ல ஏதாவது ரூல் இருக்கா?

வைகைக்கரை:
சகோதரி, காசு வாங்காதீங்க. ஹவுசிங் ரூல் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்ல இருந்து எந்தத் தொழிலும் நடத்தக் கூடாதுன்னு லீஸ்ல இருக்கும், அதை விட பெருசு விசா. எஃப்-2ல இருக்கிறவங்க எந்த வேலையும் செய்யக் கூடாது, கையில பணமா வாங்குனாலும் அது வேலை தான். ஜே-2ல, அதாவது எக்ஸ்சேஞ்ச் விசால வந்தவங்களோட குடும்பமா இருந்தா வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு அந்த வழி இல்ல.

தோழியா ஒரு நாள் அவங்க குழந்தைய நீங்க பாக்கறது, இன்னொரு நாள் உங்க குழந்தைய அவங்க பாக்கறதுன்னா அது சும்மா அக்கம்பக்கம். நீங்க எஃப்-2லயே பார்ட் டைமா படிக்கலாம், அதையும் யோசிங்க. இந்த காம்ப்ளெக்ஸ்கள்ல கணவன் லேபுக்கு போயிட்டா நாள் முழுக்க தனியா கிடக்கிற பெண்கள் நிறைய பேரு, “சும்மா தான இருக்கேன்”னு நீங்க எழுதின வரி மனசுல நின்னுருச்சு. கம்யூனிட்டி சென்டர்ல இங்கிலீஷ் கிளாஸ், குழந்தைங்களோட விளையாட்டு நேரம்னு நடக்கும், பெரும்பாலும் இலவசம், போங்க.

மேடிசன்_அக்கா:
பனிக்காலம், உங்க காம்ப்ளெக்ஸ்ல தோட்டம் இருந்தா அதுக்கும் பேர் குடுங்கம்மா. இங்க ஈகிள் ஹைட்ஸ் தோட்டம் 1962ல இருந்து இருக்கு, மெண்டோட்டா ஏரிக்கு கொஞ்சம் மேல, ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நாடு. ஒருத்தர் வெண்டைக்கா, பக்கத்துல லாவோஸ் பக்கத்து மோங் குடும்பம் என்னமோ கீரை, எனக்கு பேர் தெரியாது, பறிச்சு கையில திணிப்பாங்க. அங்கயும் ரூல்ஸ் உண்டு, களை எடுக்காம போட்டா பாத்திய வேற ஆளுக்கு குடுத்துருவாங்க, அது சரி தான, வரிசைல ஆள் நிக்கிறாங்கள்ல. குளிர்காலத்துலயே விண்ணப்பம் எப்ப தொறக்குதுன்னு கேட்டு வச்சுக்கோங்க.

கொங்குத்தமிழ்:
அக்கா தோட்டம்னதும் ஞாபகம் வருது. இந்த குடியிருப்புகளே எப்படி வந்துச்சுன்னு நிறைய பேருக்கு தெரியாதுங்க. 1944ல போர் வீரர்களுக்கு படிப்புச் செலவு குடுக்கிற ஜி.ஐ. பில்ங்கற சட்டம் வந்து, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு வந்த சிப்பாய்ங்க பொண்டாட்டி புள்ளையோட காலேஜுக்கு வந்துட்டாங்க. ஹாஸ்டல்ல எங்க வைக்கிறது? ட்ரெய்லரு, பட்டாளத்து கொட்டகை, தகர வீடுன்னு கிடைச்சதை எல்லாம் கொண்டு வந்து போட்டாங்க. விஸ்கான்சின்ல வெடிமருந்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்ப எடுத்து பேட்ஜர் வில்லேஜ்னு ஆக்குனாங்க, ஃப்ளோரிடாவுல ஃப்ளேவெட்னு பேரு வச்சாங்க. பெர்க்லி குடும்பங்க இருக்கிற ஆல்பனி வில்லேஜும் போர்க்காலத்து தொழிலாளர் வீடுங்க நின்ன எடம் தான். இந்த மாதிரி குடியிருப்புகள்ல ரூல்ஸ் போடறதுக்கு குடியிருக்கிறவங்களே கூடி பேசுற வழக்கமும் வளந்துச்சு, ஃப்ளோரிடால குடும்பக் குடியிருப்புக்கு மேயர்ஸ் கவுன்சில்னே ஒண்ணு வந்துச்சு, குடியிருக்கிறவங்க தேர்ந்தெடுக்கிறது.

ஏன் சொல்றேன்னா, நம்மாளுங்க அந்தக் கூட்டத்துக்கு போறதே இல்லைங்க. நான் இருந்த எடத்துல லாண்ட்ரி ரூம ராத்திரி 9க்கு பூட்டிருவாங்க, லேப்ல இருந்து வர்றவன் எப்ப துவைப்பான்? வாட்ஸ்அப் குரூப்ல வருஷக்கணக்கா பொலம்பல். ஒரு எத்தியோப்பியக்காரர் அதை கவுன்சில் அஜெண்டால போட்டாரு, மெஷின் ஓடுற சத்தம் பக்கத்து வீட்டுக்கு கேக்குதுன்னு அந்த வீட்டுக்காரங்களும் வந்து பேசினாங்க, கடைசில சுவத்த ஒட்டி இருந்த மெஷின தள்ளி வச்சு 11 வரைக்கும் தொறந்து விட்டாங்க. ரூலு மாறுற எடம் அதுதானுங்க.

கரிசல்காடு:
அப்டேட்: கீழ் வீட்டுக்கு போயிட்டு வந்தோம். நைஜீரியக் குடும்பம், அவரும் பிஎச்டி தான், அவங்களுக்கும் கைக்குழந்தை. பையன் ஓடுறது பிரச்சனையே இல்லையாம், ராத்திரி நான் லேட்டா வந்து மைக்ரோவேவ் கதவையும் பாத்திர அலமாரியையும் சாத்துற சத்தம் தான் அவங்க குழந்தை தொட்டிலுக்கு நேர் மேலயாம். அலமாரிக்கு ரப்பர் பட்டன் ஒட்டிட்டேன். வீட்ல அவங்க முகம் தெளிஞ்சிருக்கு. கெஸ்ட் ஃபாரம் இருக்குன்னு ஆபீஸ்ல பதில் வந்திருக்கு, மொதல்ல 90 நாள், அப்புறம் நீட்டிப்பு கேக்கலாம்னு எழுதியிருக்காங்க. பிரிண்ட் எடுத்து வச்சாச்சு அக்கா.

இன்னொண்ணு. மாமியாருக்காக டாய்லெட்ல ஹெல்த் ஃபாசெட் மாட்டலாமா? அமேசான்ல கிடைக்குது, நானே மாட்டிருவேன்.

வைகைக்கரை:
மாட்டறதுக்கு முன்னாடி அதையும் மெயில்ல கேட்டுருங்க. பிளம்பிங்ல கை வைக்கக் கூடாதுன்னு லீஸ்ல இருக்கும், ஆனா கழட்டிட்டு போற மாதிரி மாட்டறதுக்கு ஒத்துக்கிற ஆபீஸும் உண்டு, சில எடத்துல அவங்க ஆளே வந்து மாட்டித் தருவாங்க. மாட்டினா டி-வால்வு பித்தளையோ ஸ்டீலோ பாத்து வாங்குங்க, பிளாஸ்டிக் வேணாம். ஒவ்வொரு தடவையும் உபயோகிச்ச பிறகு வால்வ மூடணும், கையில பிடிக்கிற ஸ்ப்ரே துப்பாக்கிய மட்டும் விட்டுட்டு வால்வ மூடாம வந்தா குழாய்ல அழுத்தம் நின்னுக்கிட்டே இருக்கும், வெடிச்சா உங்க தண்ணி கீழ அந்த கைக்குழந்தை வீட்டு கூரைல தான் எறங்கும். ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கலைன்னா இந்த வாரமே எடுத்துருங்க, அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு குடுக்கிற லயபிலிட்டி கவர் அதுல இருக்கான்னு பாருங்க.

ஃபாசெட் ஆபீஸ் வேணாம்னா ஒரு நல்ல மூக்கு வச்ச தண்ணி மக் ஊர்ல இருந்து மாமியாரே கொண்டு வந்துருவாங்க, சொல்லி விடுங்க.